விழிஞ்ஞம் முதல் குமரி வரை: வில்லுக்குழுவின் கோடைப் பயணம்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே, அரபிக்கடலின் கரையில் அமைந்திருப்பது விழிஞ்ஞம். 2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் முதற் பெருங்கப்பல் அங்கு வந்தணைந்ததையும், 2025-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் புதிய துறைமுகம் நாட்டுக்கு உரிமையாக்கப்பட்டதையும் செய்தித்தாள்களில் படித்த நேயர்கள், அவ்வூரை நேற்றுத் தோன்றிய ஊர் என்று எண்ணிவிடலாகாது. ஆய் மன்னர்களின் துறைமுகமாக அது விளங்கியது. பாண்டியர் செப்பேடுகளும் சோழர் செப்பேடுகளும் அதனை வென்ற பெருமையைப் பேசுகின்றன. கலிங்கத்துப் பரணியும் அவ்வூரை மறக்கவில்லை. இத்தனை போர்களையும் கடந்து இன்றும் நிற்பது ஒரு சிறு குடைவரைக் கோயில். எட்டாம் நூற்றாண்டினது என அதனைக் கருதுவர். ஓரறை கொண்ட அக்குடைவரையினுள் வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தியின் சிற்பம் வைக்கப்பட்டிருக்கிறது. புறச்சுவரிலோ சிவனும் உமையும் முற்றுப்பெறாத வடிவங்களாகவே நின்றுவிட்டனர்.

நாம் இங்குப் பேச எடுத்துக்கொண்டது அந்த வீணையைப் பற்றியன்று. விழிஞ்ஞம் அடங்கிய நெய்யாற்றின்கரைப் பகுதி தொடங்கி, விளவங்கோடு, கல்குளம், நாஞ்சில் நாடு வழியாகத் திருநெல்வேலிச் சீமை வரை, எளிய மக்களின் கோயில் முற்றங்களில் ஒலித்த மற்றொரு நரம்புக் கருவி உண்டு. அது வில். அதனை இசைத்துப் பாடுவதைத் தமிழில் வில்லுப்பாட்டு என்கிறோம். எல்லைக்கு அப்பால் வில்லடிச்சான் பாட்டு என்பர். பெயர் சற்றே வேறாயினும் கருவியும் கதைகளும் ஒன்றே. ஒவ்வோர் ஆண்டும் வேனிற்காலத்தில் அந்த வில்லையும் குடத்தையும் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்ற குழுவினரின் வாழ்வே நமது பொருள்.

முதலில் கருவிகளை அறிந்துகொள்வோம். வில்லின் தண்டு பெரும்பாலும் வைரம் பாய்ந்த பனையினால் ஆனது. ஓர் ஆளின் உயரத்தையும் மிஞ்சிய நீளமுடையது. முறுக்கிய தோலினாலான நாண் அதில் பூட்டப்பட்டிருக்கும். தண்டில் வரிசையாக மணிகள் தொங்கும். வாய் ஒரு பக்கம் நோக்குமாறு கிடத்திய மண்குடத்தின் மீது வில்லை வைத்துக் கட்டுவர். குழுவின் தலைவர் நாணுக்கு முன்னே அமர்ந்து, வீசுகோல் எனப்படும் இரு கோல்களால் அடித்துக்கொண்டே பாடுவார். அவரைப் புலவர் என்றும் அண்ணாவி என்றும் அழைப்பது வழக்கம். அருகிலிருப்பவர் குடத்தின் வாயை ஒரு பத்தியால் தட்டுவார். காற்று உள்ளே அடங்கி எழும் அந்த ஓசை, நாணின் அதிர்வோடு கலந்து நெடுந்தொலைவு செல்லும். உடுக்கை, ஜால்ரா, கட்டை ஆகியவை உடன் சேரும். பாடுவோர் வலம், இடம் என இரு பிரிவாக அமர்வர். தலைவர் ஓரடி பாடினால் மற்றவர் அதனை ஏந்திப் பாடுவர். அவர் உரைநடையில் கதை சொல்லும்பொழுது, இவர்கள் ‘ஆமா’ என்று ஏற்றுக்கொள்வர். இந்த ‘ஆமா’வை அலட்சியமாகக் கருதலாகாது. கதை தளர்ந்தால் அதனைத் தூக்கி நிறுத்துவதும், தலைவர் மூச்சு வாங்க இடங்கொடுப்பதும் அச்சொல்லே.

இக்கலையைத் தோற்றுவித்தவர் அரசப் புலவர் என்பது கலைஞர்களிடையே வழங்கிவரும் மரபு. வேட்டைக்குச் சென்றோர் ஓய்வுநேரத்தில் வில்லைக் குடத்தின் மேல் வைத்துத் தட்டிப் பார்த்ததிலிருந்து பிறந்தது என்றும் கதையுண்டு. இவற்றுள் எதுவாயினும், ஒரே சாதியினரின் குலத்தொழிலாக இது அடைபட்டுவிடவில்லை என்பது கருதத்தக்கது. குரலும் நினைவாற்றலும் உடையவர் எக்குடியிற் பிறந்தாலும் வில்லின் முன் அமர முடிந்தது.

இனி, பயணத்தின் காலம். பங்குனி, சித்திரை, வைகாசித் திங்கள்களில் அறுவடை முடிந்து, வயல்கள் காய்ந்து, வீடுகளில் ஓரளவு நெல்லும் காசும் இருக்கும் வேளையில், முத்தாரம்மன், இசக்கியம்மன், சுடலைமாடன் முதலிய ஊர்த் தெய்வங்களுக்கு எடுக்கும் விழாவே கொடை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் தந்த தொல்லை கொஞ்சமன்று. ‘விழா’ என்று பெயர்த்தால் தெய்வத்திற்குக் கொடுக்கவேண்டிய கடன் என்ற பொருள் போய்விடுகிறது. ‘காணிக்கை’ என்று பெயர்த்தால் மேளமும் கூட்டமும் மறைந்துவிடுகின்றன. கோடையில் கொடை வருவதால் இரண்டும் ஒரே சொல்லென்று மயங்குவோரும் உளர். கோடை என்பது பருவம். கொடை என்பது கொடுத்தல். வில்லுக்குழுவினரின் வாழ்வில் மட்டும் இரண்டும் ஒன்றே. கோடை முழுவதும் கொடைதான்.

கொடைக்கு நாள் குறித்ததும், ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்குடன் அண்ணாவியின் வீட்டுக்குச் சென்று அச்சாரம் கொடுப்பர். அந்த நாள் முதல் அவர் வாக்குக்குக் கட்டுப்பட்டவர். அதே நாளுக்கு வேறோர் ஊரார் கூடுதல் பணத்துடன் வந்தாலும் மாறலாகாது. கொடைகள் பெரும்பாலும் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளை ஒட்டியே அமைவதால், நல்ல குரலுடைய குழுவுக்கு ஒரே நாளில் பல ஊர்கள் போட்டியிடுவதுண்டு. கிழமை ஏழிருந்தும் தெய்வங்கள் இரண்டை மட்டுமே விரும்பியதனால் வந்த இடர்ப்பாடு இது.

சாலையும் பேருந்தும் பெருகாத காலத்தில் இவர்களின் போக்குவரவு மாட்டு வண்டியிலும் கால்நடையிலுமே நடைபெற்றது. மிக நீண்ட வில் ஒன்று. எளிதில் உடையக்கூடிய குடம் ஒன்று. இவ்விரண்டையும் காப்பாற்றிக்கொண்டு ஆறும் தோப்பும் கடந்து செல்வது எத்தகைய வேலை என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். சென்ற ஊரில் உணவு விழாக்காரர் பொறுப்பு. உறக்கமோ எவர் பொறுப்பும் அன்று. இரவெல்லாம் பாடிவிட்டுப் பகலில் கோயில் திண்ணையிலோ மரத்தடியிலோ படுக்கவேண்டியதுதான். படுத்த சற்று நேரத்தில் உச்சிக் கொடைக்கு மேளம் முழங்கத் தொடங்கும். பருவம் முடிவதற்குள் தொண்டை கட்டிப்போகாத பாடகர் அரியர். மிளகும் சுக்கும் பனங்கற்கண்டும் மடியில் இருந்தாகவேண்டும்.

கொடையின் நடைமுறையைச் சற்று விரிவாகவே பார்ப்போம். ஏனெனில் இக்கலைஞர்களின் திறமை எதிலிருக்கிறது என்பது அதிலேதான் விளங்கும். முதல் நாள் இரவு குடியழைப்பு. தெய்வத்தை வரவழைத்துப் பாடுவது அப்பொழுது. மறுநாள் உச்சிவேளையில் ஒரு வழிபாடு, நள்ளிரவில் ஒரு வழிபாடு. இவற்றின் இடையிடையே நையாண்டி மேளமும் வில்லும் மாறி மாறி ஒலிக்கும். காப்புப் பாடி, குருவை வணங்கி, அவையடக்கம் கூறி, வரப்போகும் பொருளை முன்னறிவித்துவிட்டு அண்ணாவி கதைக்குள் நுழைவார். கதைகள் இருவகை. கயிலையில் பிறந்து மண்ணுக்கு வந்த தெய்வங்களின் கதை ஒன்று. மனிதராய்ப் பிறந்து, அநியாயமாக வெட்டுண்டோ, தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டோ, இறந்தபின் தெய்வமானவரின் கதை மற்றொன்று. முன்னது பிறப்பைப் பாடுவது. பின்னது இறப்பைப் பாடுவது. அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் நாஞ்சில் நாட்டில் தங்கி, கொடைகளில் விழித்திருந்து ஆராய்ந்து, 1988-இல் வெளியிட்ட நூலுக்குப் பிறப்பையும் இறப்பையும் பாடுதல் என்ற கருத்திலேயே பெயரிட்டார்.

இறப்பைப் பாடும் கதையில்தான் கலைஞனுக்குச் சோதனை. கதையில் தலைவன் வெட்டுப்படும் கட்டமும், கோயிலில் படையல் விரித்துத் தீபம் காட்டும் நேரமும் பொருந்தி வரவேண்டும். அவ்வேளையில் சாமியாடியின் மேல் தெய்வம் இறங்கும் என்பது மக்களின் நம்பிக்கை. படையல் தாமதமாயின் அண்ணாவி ஒரு வருணனையை நீட்டுவார். ஒரு நாட்டை, ஒரு சந்தையை, மணப்பெண்ணின் அணிகலன்களை விரித்துப் பாடுவார். படையல் முந்திவிட்டால் பத்து அடிகளைத் தாண்டி ஒரே பாய்ச்சலில் போர்க்களத்துக்கு வந்துவிடுவார். முன்னே ஏடு இருக்கும். பிற்காலத்தில் நோட்டுப் புத்தகம். ஆயினும் கண் ஏட்டில் நிற்பதில்லை. சாமியாடியின் தோளில் தோன்றும் நடுக்கத்தையே அது பார்த்துக்கொண்டிருக்கும். நடுக்கம் கண்டதும் வீசுகோலின் வேகம் கூடும். குடம் விரைந்து ஒலிக்கும். அச்சாரம் வாங்கியது பாடுவதற்கு மட்டுமன்று. தெய்வத்தை உரிய நொடியில் கொண்டுவந்து சேர்ப்பதற்குமாகும். அது நிகழவில்லையெனில் அடுத்த ஆண்டு வெற்றிலை பாக்கு வேறு வீட்டுக்குப் போய்விடும்.

பாடப்பட்ட கதைகளுள் ஒன்றை மட்டும் எடுத்துரைப்போம். வேணாட்டின் படைத்தலைவனாக இருந்தவன் இரவிக்குட்டிப் பிள்ளை. மதுரைத் திருமலை நாயக்கரின் படை தெற்கே வந்தபொழுது, கொல்லம் ஆண்டு 810-இல், அதாவது 1634-35 அளவில், கணியாகுளத்தில் நடந்த போரில் அவன் மாண்டான். போருக்குப் புறப்படும் முன் தாயும் மனைவியும் தீக்கனாக் கண்டு தடுப்பதும், அவன் மறுத்துச் செல்வதும், உடனிருந்தோர் கைவிடுவதும், வெட்டுண்ட தலையை மீட்டு வருவதும் இரவிக்குட்டிப் பிள்ளைப் போர் என்னும் கதைப்பாடலில் நெஞ்சை உருக்கும் வகையில் வருகின்றன. இதில் வியப்பு யாதெனின், மதுரைப் படையால் கொல்லப்பட்ட ஒரு வேணாட்டு வீரனுக்காகத் தமிழில் அழுதிருக்கிறார்கள் என்பதே. அந்தத் தமிழும் மதுரைத் தமிழன்று. மலையாளச் சொற்கள் தாராளமாகக் கலந்தது. மலையாள இலக்கிய வரலாற்றாசிரியர் உள்ளூர் பரமேசுவர ஐயர் இதனையொத்த பாடல்களைத் தெற்கன் பாட்டுகள் என்ற தலைப்பில் தம் மொழிக்குரியனவாகக் கொண்டு ஆராய்ந்தார். தமிழறிஞர் நா. வானமாமலை 1970-களில் ஐவர் ராசாக்கள் கதை முதலிய தென்னாட்டுக் கதைப்பாடல்களை மதுரைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகப் பதிப்பித்தார். இரு சாராரும் உரிமை கொண்டாடியதில் தவறில்லை. பாடியவர்களுக்கு மட்டும் அந்த வழக்கே எழவில்லை. நெய்யாற்றின்கரைப் பக்கம் பாடும்பொழுது ஒரு சொல், தோவாளைப் பக்கம் பாடும்பொழுது ஒரு சொல். கேட்போர் முகம் பார்த்து மாற்றிக்கொண்டார்கள்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி திருத்தியமைக்கப்பட்டபொழுது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. அதற்காக நடந்த போராட்டத்தில் 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. நெய்யாற்றின்கரை, விழிஞ்ஞத்தோடு, கேரளத்தில் நின்றது. எல்லை நியாயமானதா என்று ஆராய்வது நம் நோக்கமன்று; எங்கேனும் ஒரு கோடு விழுந்தாகவேண்டும். ஆனால் அக்கோடு வில்லின் நாட்டை ஏறக்குறைய குறுக்காகவே வெட்டியது. வண்டிப்பாதையை எவரும் மூடவில்லை. பள்ளிக்கூடம் மாறியது. வடபுறத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் மலையாளம் படித்து வளர்ந்தனர்; தென்புறத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ் படித்து வளர்ந்தனர். பாட்டனுக்குப் புரிந்த கலவைமொழி பேரனுக்குப் பிழையாகத் தோன்றியது. வடபுறத்துத் திருவிழா மேடைகளில் கதாப்பிரசங்கம் பெருஞ்செல்வாக்குப் பெற்றது. வி. சாம்பசிவன் போன்ற வல்லுநர்கள் ஷேக்ஸ்பியரையும் டால்ஸ்டாயையும் கூடக் கோயில் மைதானத்தில் கதையாக்கிப் பாடியபொழுது, மாடனுக்கும் யட்சிக்கும் உரிய வில் ஒதுங்கிப் பின்னே நின்றது.

இவ்விடத்தில் கடல் கடந்த ஓர் ஒப்புமை பயன்படும். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பிறந்த பில் மன்றோ என்பவர், பிடில், மாண்டலின், கிதார், பாஞ்சோ ஆகிய நரம்புக் கருவிகளைக் கொண்டு புளூகிராஸ் எனும் இசைவகையை உருவாக்கினார். மலைநாட்டுக் குடியானவரின் பழம்பாட்டும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர் வழியே வந்த பாஞ்சோவும் அதில் கலந்தன. அவரது குழு 1940-களில் கோடைதோறும் கூடாரத்தைச் சுமந்துகொண்டு சிற்றூர்களைச் சுற்றிவந்தது. பகலில் அவ்வூர் இளைஞருடன் பேஸ்பால் ஆடுவார்கள். மாலையில் கூடாரத்தில் பாடுவார்கள். எங்கிருந்தாலும் சனிக்கிழமை இரவுக்கு நாஷ்வில் நகரத்துக்குத் திரும்பியாகவேண்டும். ஏனெனில் 1939 முதல் அவர் அங்குள்ள வானொலியின் கிராண்ட் ஓல் ஓப்ரி நிகழ்ச்சியில் இடம்பெற்றிருந்தார். வானொலியில் கேட்ட குரலை நேரில் காண மக்கள் கூடாரத்துக்கு வந்தனர். உறக்கமின்மை, நெடுவழி, குரல் நோவு ஆகியவற்றில் நம்மவர்க்கும் அவர்க்கும் வேற்றுமை இல்லை. ஆனால் அங்கே வானொலி முன்னே சென்று பாதையைத் திறந்தது. இங்கே பாதை முன்பே இருந்தது. வானொலி பின்னே வந்தது.

திருவிதாங்கூர் அரசு 1943-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய நிலையம் 1950 ஏப்ரல் 1-இல் அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. திருநெல்வேலி நிலையம் 1963-இலும், நாட்டின் முதல் உள்ளூர் வானொலி என்ற சிறப்புடன் நாகர்கோவில் நிலையம் 1984-இலும் தோன்றின. இதற்கிடையே, நாகர்கோவிலில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் வில்லைக் கோயில் முற்றத்திலிருந்து நகர மேடைக்கு அழைத்து வந்தார். காந்தியடிகளின் வரலாறு வில்லேறியது. கொத்தமங்கலம் சுப்பு பாடிய காந்தி மகான் கதை பட்டிதொட்டியெல்லாம் புகழ் பெற்றது. கலைவாணரால் சென்னைக்கு அழைத்துவரப்பட்ட சுப்பு ஆறுமுகம் 2022-இல் மறையும் வரை இக்கலையை நகரத்தாருக்கும் வெளிநாட்டாருக்கும் எடுத்துச் சென்றார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. குடும்ப நலத்தையும் புதிய விதை நெல்லையும் வில்லில் பாடிய நிகழ்ச்சிகள் வானொலியில் ஒலித்தன.

இவை நன்மைகளே. நாடு முழுவதும் சிதறி வாழும் தமிழர் பலர் வில்லின் ஓசையைக் கேட்டது வானொலியால்தான். எனினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. விடியும்வரை நீண்ட கதை அரை மணிக்குள் அடங்கவேண்டி வந்தது. சாமியாடி இல்லை, படையல் இல்லை, நீட்டவும் சுருக்கவும் காரணம் இல்லை. முன்னே இருப்பது ஒலிவாங்கியும் கடிகாரமும் மட்டுமே. அண்ணாவியின் பெருந்திறமை எதுவோ, அதுவே அங்கு வேலையற்றுப் போயிற்று. கருத்தை எளிதாகப் பரப்பும் கருவி என்று வில்லைப் புகழ்வோர், அது முதலில் இறந்தவரைத் திரும்ப அழைக்கும் கருவி என்பதை எண்ணுவதில்லை. நம் கருத்தில் வில்லை மெலியச் செய்தது மாநில எல்லையைவிடக் கடிகாரமே.

கொட்டாரத்தில் வாழ்ந்த பூங்கனி அம்மையாரைப் பற்றிக் கூறாவிடில் இவ்வரலாறு குறையுடையதாகும். சிறுமியாக இருந்தபொழுதே பாடத் தொடங்கிய அவர், பெரும்பாலும் ஆண்களே தலைமை தாங்கிய வில்லின் முன் அமர்ந்து, பல்லாண்டுகள் கொடைதோறும் பயணம் செய்தவர். ஒரு பெண், வீசுகோல் இரண்டையும் சுழற்றி, இரவு முழுவதும் கூட்டத்தைக் கட்டிவைத்தது அந்நாளில் எளிய செயலன்று. புகழின் உச்சத்தில் அவர் பெயருக்காகவே கொடைநாளை மாற்றிய ஊர்களும் இருந்திருக்கக்கூடும். முதுமையிலோ சிறுவீடொன்றில் தனித்து, வறுமையில் வாழ்ந்து, 2018-இல் மறைந்தார். இறுதி ஆண்டுகளில் சில ஆர்வலர் தேடிச் சென்று அவரைப் பற்றி எழுதியபின்னரே வெளியுலகம் அவரை அறிந்தது. கோடையில் ஈட்டியதை மழைக்காலம் தின்றுவிடும் தொழில் இது. அச்சாரத்துக்கு வெற்றிலை உண்டு. முதுமைக்கு ஓய்வூதியம் இல்லை. பிற்காலத்தில் நலவாரியமும் உதவித்தொகையும் ஏற்பட்டன. ஆயினும் வாழ்நாள் முழுவதும் ஊர் ஊராக அலைந்தவர் அலுவலகப் படிகளிலும் அலைந்தே அவற்றைப் பெறவேண்டியிருக்கிறது.

இன்றும் கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் கொடைகள் நடைபெறுகின்றன; வில்லுக்குழுக்களும் செல்கின்றன. மாட்டு வண்டிக்குப் பதில் வேன். வெற்றிலை பாக்குடன் கைப்பேசி. நல்ல குழுக்களுள் பெண்கள் தலைமை தாங்குபவை பல. பழைய செவ்வாயும் வெள்ளியும் மாறவில்லை. ஆனால் எந்த வாரத்துச் செவ்வாய், எந்த வாரத்து வெள்ளி என்பதைச் சில ஊர்களில் இப்பொழுது வேறொன்று முடிவு செய்கிறது. மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வேலை பார்ப்போருக்கு எப்பொழுது விடுப்பு, பிள்ளைகளின் பள்ளி எப்பொழுது மூடும், இரயிலில் எந்த நாளுக்கு இடம் கிடைக்கும் என்பவற்றை வரிதாரர் கூட்டத்தில் கேட்டறிந்த பின்னரே நாள் குறிக்கிறார்கள். வரியில் பெரும்பங்கு வெளியூர்க்காரருடையது. நேயர்களே, அந்த வெளியூர்க்காரர் நாம்தாம். அண்ணாவிக்கு அச்சாரம் கொடுக்கும்பொழுது, வெளியூர்க்காரர் எத்தனை மணி வரை விழித்திருப்பார்கள் என்பதையும் சில ஊர்களில் சேர்த்தே பேசி முடிக்கிறார்கள்.